ஓவியம் பழகலாம்: 'ஏதோ சரியில்லை' என்றால், எது?

சேலத்திலிருந்து ஒரு வாசகி, மகன் வரைந்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பையன் ஏழாம் வகுப்பு. மேஜை மேல் ஓர் எவர்சில்வர் டம்ளர், பக்கத்தில் ஒரு வாழைப்பழம், கலர் பென்சிலில். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "சார், ஆசையாத்தான் வரையறான். முடிச்சதும் 'ஏதோ சரியில்லம்மா'ன்னு கிழிச்சுப் போட்டுடறான். இதைப் பிடுங்கி வெச்சிருக்கேன். எனக்கும் ஏதோ சரியில்லைன்னு தெரியுது. என்னன்னு சொல்லத்தான் தெரியல."

அந்தக் கடைசி வரிதான் விஷயமே. இருவர் கண்ணும் சரியாகத்தான் பார்க்கிறது. பார்த்ததைச் சொல்ல வார்த்தை இல்லை. குறை எந்த மூலையில் என்று தெரியாததால் மொத்தப் படமும் குப்பைக்குப் போகிறது. இப்படிக் கிழித்துக் கிழித்தே, எட்டாம் வகுப்பு வருவதற்குள் பென்சிலைக் கீழே வைத்துவிட்ட பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, படத்துக்கு வருவோம். டம்ளரின் வாய் வட்டம் என்று பையனுக்குத் தெரியும். முழு வட்டமாகப் போட்டுவிட்டான். அடிப்பாகம் மேஜையில் தட்டையாக உட்காரும் என்றும் தெரியும். அங்கே ஸ்கேல் வைத்த மாதிரி ஒரு நேர்கோடு. மேலே நின்று பார்த்த வாய், பக்கத்தில் நின்று பார்த்த அடி! தெரிந்ததை வரைந்திருக்கிறான், பார்த்ததை அல்ல. இங்கே தேவைப்படும் சொல், கணக்குப் புத்தகத்தில் வரும் அதே நீள்வட்டம். ஒரு கண்ணாடி டம்ளரைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பாருங்கள். வாய் வெறும் கோடாகத் தெரியும். மெதுவாகக் கீழே இறக்குங்கள். கோடு விரிந்து நீள்வட்டமாகும், இன்னும் இறக்கினால் வட்டத்தை நெருங்கும். டம்ளரின் அடி, வாயைவிடக் கண்ணுக்குக் கீழே இருக்கிறது அல்லவா? அதனால் அடியின் வளைவு, வாயின் வளைவைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

டம்ளருக்கும் பழத்துக்கும் நடுவே உள்ள காலி இடத்துக்கும் ஒரு பெயர் உண்டு: நெகட்டிவ் ஸ்பேஸ். தமிழில் வெற்றிடம் என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்கும் ஓர் உருவம் இருக்கிறது. பிளாஸ்டிக் சேரின் கால்கள் கோணலாக வருகிறதா? காலை விட்டுவிட்டு, கால்களுக்கு நடுவே தெரியும் சந்துகளை வரையச் சொல்லுங்கள். கால்கள் தானாக வந்து நிற்கும்.

இந்தப் படத்தின் பெரிய சிக்கல் வேறு. அதன் பெயர் டோன். நிறம் வேறு, டோன் வேறு. மஞ்சளா, நீலமா என்பது நிறம். எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்பது டோன். உங்கள் கையில் இருக்கும் போனிலேயே இதைப் பார்த்துவிடலாம். கிளாட் மோனே 1872-ல் பிரான்சின் லெ ஆவர் துறைமுகத்தை வரைந்த 'இம்ப்ரெஷன், சன்ரைஸ்' படத்தைத் தேடி எடுங்கள். இம்ப்ரெஷனிசம் என்ற பெயருக்கே காரணமான படம் அது. சாம்பல் கலந்த நீல வானத்தில் ஆரஞ்சுச் சூரியன் தகதகக்கும். இப்போது எடிட்டில் போய் சேச்சுரேஷனைச் சுத்தமாகக் குறைத்துவிடுங்கள். சூரியன் கிட்டத்தட்ட காணாமலே போய்விடும்! நிறத்தில் அத்தனை தூரம் விலகி நிற்கும் சூரியனுக்கும் வானத்துக்கும் டோன் ஏறக்குறைய ஒன்றுதான். எனக்கு இன்றும் இது மந்திரம் மாதிரிதான் இருக்கிறது.

மோனே தெரிந்தே சூரியனைக் கரைத்தார். நம் பையன் தெரியாமல் டம்ளரைக் கரைத்துவிட்டான். அவன் படத்தையும் அதே மாதிரி கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தேன். டம்ளர், பழம், மேஜை எல்லாம் ஒரே வெளிறிய சாம்பல். பழத்தின் அடியில் நிழல் இல்லை. எவர்சில்வருக்கு உயிரே அதன் பளிச்சென்ற வெள்ளைக் கீற்றும் பக்கத்திலேயே ஓடும் கறுப்புப் பட்டையும்தான். அந்த இரண்டும் இல்லை.

இதில் பாதிக் குற்றம் பென்சிலுடையது. பள்ளிக்கூடப் பையில் இருக்கும் ஹெச்பி பென்சிலை எவ்வளவு அழுத்தினாலும் ஓர் அளவுக்கு மேல் கறுக்காது, தாள்தான் பள்ளமாகும். ஒரு 4பி, ஒரு 6பி வாங்கிக் கொடுங்கள். அடுத்த டம்ளரை நிறமே இல்லாமல் பென்சிலில் மட்டும் வரையட்டும். உட்காரும் முன் கண்ணைப் பாதி மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். சின்னச் சின்ன விவரங்கள் மறைந்து, இருட்டும் வெளிச்சமும் மட்டும் தெரியும்.

வாசகிக்கு இதையெல்லாம் அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. பழைய படத்தை இன்னும் கிழிக்கவில்லையாம். டம்ளரின் அடியிலிருந்த நேர்கோட்டை மட்டும் ரப்பரால் அழித்துக்கொண்டிருக்கிறானாம்.