அம்மாட கோழி

மகள் ஐந்தாம் ஆண்டுக்குப் போன தையில், கோழிக்கூடு அடைக்கிற வேலையை அவளிடமிருந்து நான் வாங்கிக்கொண்டேன். இரண்டு வருடமாக அது அவளுடைய வேலை. மைம்மலில் கோழிகளை எண்ணி அடைப்பாள், விடியத் திறந்துவிட்டு முட்டை எடுப்பாள், அடைக்கு வைத்த முட்டைகளில் கரிக்கட்டியால் தேதி எழுதுவாள். கல்லடியில் ரியூசன் முடிந்து வீடு வர ஆறு மணி. வந்ததும் மாதிரி வினாத்தாள். "நீ படி புள்ள, மற்றதெல்லாம் அம்மா பாக்கிறன்" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன்.

பெத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. மட்டக்களப்பில் வீடு பெண் வழியே போகும். நாங்கள் இருக்கும் வீடு அம்மா எனக்குச் சீதனமாகத் தந்தது. அதனால் அம்மாவும் எங்களோடுதான், பிள்ளைகளுக்கு அவர் பெத்தா. "கோழி எண்ண எவ்வளவு நேரம் போகும்கா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையைக் குறை சொல்ல வரவில்லை. கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா 1945இல் இலவசக் கல்வியைக் கொண்டுவந்தது ஏழைக் கிராமத்துப் பிள்ளைக்கும் நல்ல பள்ளிக்கூடம் கிடைக்கத்தான்; பரீட்சையும் அதற்குத்தான். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளைக்குப் புலமைப்பரிசில் உதவிப்பணம் இன்றைக்கும் பெரிய விசயம். ஆனால் இரண்டு வினாத்தாளுக்காக, 200 புள்ளிக்காக, பத்து வயதுப் பிள்ளையின் கையில் இருந்த எல்லாவற்றையும் நாங்கள் வாங்கி வைத்துக்கொள்கிறோம். தண்ணீர்ப் போத்தலைத் தாய் கழுவுகிறாள், சப்பாத்தைத் தகப்பன் துடைக்கிறார். பெறுபேறு வந்தால் பள்ளிக்கூட வாசலில் படம் போட்ட பதாகை. வெட்டுப்புள்ளிக்கு ஐந்து குறைந்த பிள்ளையும் அதற்குக் கீழால்தான் தினமும் நடந்து உள்ளே போகவேண்டும். இது எனக்குப் பொறுக்க முடியாத காட்சி.

பரீட்சை முடிந்த கிழமை, "இனி நீ பாரு" என்று கூட்டை மகளிடம் திருப்பிக் கொடுத்தேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அது இப்ப அம்மாட கோழிதானே."

அன்றிரவு எனக்கு வண்ணத்துப்பூச்சிப் பூங்கா ஞாபகம் வந்தது. சண்டை நடந்துகொண்டிருந்த 1996இல், கனடாக் கலைஞர் போல் ஹோகனும் இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் மட்டக்களப்பு நகரில் தொடங்கியது. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் கிராமங்களிலிருந்து கிழமைக்கொரு நாள் வருவார்கள். மாதக்கணக்கில் அதே பிள்ளைகள், அதே பெரியவர்கள். நடந்ததைச் சொல்லு என்று யாரும் நெருக்குவதில்லை. களிமண்ணும் நிறமும் கதையும் கிடக்கும், பெரியவர்கள் பக்கத்தில் இருப்பார்கள். அந்தப் பிள்ளைகள் இழந்ததோடு என் வீட்டுக் கோழிக்கூட்டை ஒப்பிடுவது பாவம். ஆனால் அந்த இருப்பை, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருக்கிறதை, நான் என் பிள்ளைக்குச் செய்யவில்லை என்பது உறைத்தது.

அடுத்த நாள் புத்தி சொல்லவில்லை. பெத்தா அடைக்கோழி ஒன்றையும் பதினொரு முட்டையையும் அவளிடம் கொடுத்து, "இது உன்ட" என்று மட்டும் சொன்னார். நாலைந்து நாள் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு காலையில் முட்டைகளில் கரிக்கோடு கண்டேன். இருபத்தோராம் நாள் ஒன்பது பொரித்தது.

ஒருநாள் கொளுக்கி போட மறந்துபோனாள். மரநாய் இரண்டு குஞ்சைக் கொண்டுபோனது. ஏச வாயெடுத்த என் கணவரைப் பெத்தா கையமர்த்தினார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சொல்லிக் காட்டுவது எவ்வளவு லேசு! அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. விடிந்ததும் தகப்பனிடம் கம்பித்துண்டு கேட்டு வாங்கி, கொளுக்கியைத் தானே இறுக்கிக் கட்டினாள்.

பிள்ளைக்குப் பொறுப்புக் கொடு என்றால் எந்த வேலையையும் கொடு என்று இல்லை. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வாவியில் இறால் பிடிக்கப் போகும் பொடியன்களை நான் அறிவேன். அதை நான் பொறுப்பு என்று சொல்லமாட்டேன், அது பெரியவர்களின் சுமை பிள்ளையின் தோளில் ஏறியிருப்பது. நான் சொல்கிற வேலை பத்து நிமிசத்து வேலை. ஆனால் பிள்ளை செய்யாவிட்டால் வேறு யாரும் செய்யக்கூடாது, அங்கேதான் தாய்மாருக்குக் கை துறுதுறுக்கும்.

மகனுக்கு இப்போது மூன்றாம் ஆண்டு. எந்த ரியூசனுக்கு விடப்போறீங்க என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்கத் தொடங்கிவிட்டா. விடுவேன்தான். கோழி எண்ணுவதும் அவனோடேயே இருக்கும். இப்போது அவன் எண்ணுகிறான், மகள் கொளுக்கி போடுகிறாள். நேற்று ஒன்று குறைகிறதென்று இரண்டு பேரும் டோர்ச் லைட்டோடு மாமரத்தடியில் தேடிக்கொண்டிருந்தார்கள். சோறு ஆறிப்போனது. நான் கூப்பிடவில்லை.