ஆலமரத்தடியில் உட்காருவது யார்?

எங்கள் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ஏறத்தாழ இருநூறு பேர். உதவித்தொகை எப்போது வரும், எந்தப் படிவத்தில் யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதே பெரும்பாலும் பேச்சு. 2023இல் ஒருவர் இடஒதுக்கீட்டைக் கேலி செய்யும் படமொன்றை அதில் பகிர்ந்தார். தன் குடும்பத்தில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகத்துக்கு வந்த தோழர் ஒருவர், அது ஏன் இழிவு என்று நான்கு பத்திகளில் பதில் எழுதினார். பத்து நிமிடத்தில் படமும் நீக்கப்பட்டது, பதிலும் நீக்கப்பட்டது. ‘இது சாதி பேசும் இடமல்ல, இரு தரப்பும் அமைதி காக்கவும்’ என்ற அட்மினின் ஒரு வரி மட்டும் மிஞ்சியது.

படம் போட்டவர் இன்றும் குழுவில் இருக்கிறார். பதில் எழுதியவர் அன்றிரவே வெளியேறிவிட்டார்.

அந்த அட்மினைச் சாதி வெறியர் என்று சொல்ல மாட்டேன். சம்பளமில்லாத வேலை; அவருக்கும் முடிக்க வேண்டிய ஆய்வேடு இருந்தது. சண்டை ஓய்ந்தால் போதும் என்று நினைத்தார். ஆனால், இழிவுபடுத்தியவரையும் அதைக் கேட்டவரையும் ஒரே தராசில் வைத்தபோதே தீர்ப்பு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

இது நமக்குப் புதிதல்ல. ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்த பெரியவர்களும் சம்பளம் வாங்கியவர்கள் அல்லர். ‘ஊர் ஒற்றுமைக்காக விட்டுக்கொடுங்கள்’ என்றுதான் அவர்களும் சொன்னார்கள். விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது சேரிதான். 2011இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் கட்டப் பஞ்சாயத்துகள் சட்டவிரோதமானவை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எழுதிய விதியும், நடந்ததற்குப் பதிவும், மேல்முறையீடும் இல்லாத இடத்தில் நாற்காலியில் இருப்பவரின் பழக்கமே சட்டமாகிவிடுகிறது. வாட்ஸ்அப் குழுவுக்கும் இது பொருந்தும்.

இதற்கு மாற்றாக இணையத்தில் வளர்ந்த ஓர் ஏற்பாடு விக்கிப்பீடியா. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் பொது உரையாடலுக்கான பக்கத்தின் பெயரே ‘ஆலமரத்தடி’தான். ஆனால் இந்த மரத்தடியில் நடப்பதெல்லாம் பதிவாகிறது. யார் எந்த வரியைச் சேர்த்தார், யார் நீக்கினார் என்பதைக் கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் எவரும் பார்க்கலாம். கருத்து மோதினால் முதலில் பேச்சுப் பக்கத்தில் விவாதிக்க வேண்டும். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே கட்டுரையை 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மாற்றியடித்தால் தடை விழும். அதற்கும் மேலே, பங்களிப்பாளர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் நடுவர் குழு இருக்கிறது. கட்டுரையில் எது உண்மை என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை. பங்களிப்பாளர்கள் நடந்துகொண்ட விதத்தை மட்டுமே விசாரிக்கிறது.

சாதிக் கட்டுரைகளில் இந்தத் தன்னார்வலர்களின் உழைப்பு பெரிது. தம் சாதியைச் சத்திரியர் என்றும் ஆண்ட பரம்பரை என்றும் மாற்றி எழுத ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அவற்றை நீக்கிக்கொண்டே இருப்பவர்கள் பெரும்பாலும் முகம் தெரியாதவர்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் சாதி தொடர்பான பக்கங்களுக்கென்று 2012 முதல் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன. உயிரோடிருக்கும் ஒருவரின் சாதியை, அவரே அறிவித்திருந்தால் ஒழிய எழுதக் கூடாது என்பது அங்கே நடைமுறை.

ஆனாலும் அந்த மரத்தடியிலும் தரை சமமாக இல்லை. வெளியிடப்பட்ட நம்பகமான சான்று இருந்தால்தான் ஒரு வரி நிற்கும். பாட்டி சொன்ன ஊர் வரலாறு சான்றாகாது. புரளியைத் தடுக்க அந்த விதி தேவைதான். ஆனால் அச்சும் நூலகமும் யார் கையில் இருந்தன? அயோத்திதாசர் 1907இல் பத்திரிகை தொடங்கி வாரந்தோறும் எழுதினார், 1914இல் மறைந்தார். அவர் எழுத்துகள் ஞான. அலாய்சியஸின் தொகுப்பாகப் பரவலாகக் கைக்கு வந்தது 1999இல். இடைப்பட்ட 85 ஆண்டுகள் மேற்கோள் காட்ட எளிதில் கிடைக்காதவராக அவரை வைத்திருந்தது யாருடைய குற்றம்? அடுத்தது நேரம். பேச்சுப் பக்கத்தில் வாரக்கணக்கில் வாதாட ஓய்வு வேண்டும், இணைப்பு வேண்டும், ஆங்கிலம் வேண்டும். சளைக்காமல் உட்கார்ந்திருப்பவரே பல நேரம் வெல்கிறார்.

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு என்னையும் அட்மினாக்கினார்கள். 2024 ஆகஸ்டில், பட்டியல் சாதிகளுக்குள் உள் ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது குழுவில் வாக்குவாதம் மூண்டது. அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர், 2009இல் தமிழ்நாடு கொண்டுவந்த 3 விழுக்காடு தன் குடும்பத்துக்கு என்ன செய்தது என்று எழுதினார். என் நண்பர்கள் சிலரே அவரிடம் கடுமையாகப் பேசினார்கள். ‘நமக்குள் சண்டை வேண்டாம்’ என்று எல்லாவற்றையும் நான் நீக்கினேன். இரவில் அவரிடமிருந்து செய்தி வந்தது: “போன வருஷம் அவர் சொன்னதைத்தானே நீங்களும் சொல்லியிருக்கீங்க, அண்ணா?”

மன்னிப்புக் கேட்டேன். மறுபடி எழுதச் சொன்னேன். ஒரு முறை எழுதியதே போதும் என்று சொல்லிவிட்டார்.

சாதியை எதிர்ப்பவர் நடுவராக இருந்தால் போதும் என்று அதுவரை நம்பியிருந்தேன். போதாது. இப்போது எங்கள் குழுவில் விதிகள் எழுத்தில் இருக்கின்றன. ‘சாதி பேசாதே’ என்பதற்குப் பதில் ‘சாதியால் இழிவுபடுத்தாதே’ என்று இருக்கிறது. எதை நீக்கினாலும் காரணத்தை எல்லோர் முன்னும் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவர் வேறொரு அட்மினிடம் முறையிடலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அட்மின்கள் மாற வேண்டும். அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும்.

நம் இயக்கங்களின் குழுக்களையும் ஒருமுறை திறந்து பாருங்கள் தோழர்களே. அட்மின் யார், எத்தனை ஆண்டாக, யார் தேர்ந்தெடுத்தார்கள், கடைசியாக யார் சொல்லாமல் வெளியேறினார்? வெளியேறியவரிடம் ஒரு முறை பேசுங்கள். விதி எழுதும் வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.