அரங்கம் பெரிதா, அரங்கேற்றம் பெரிதா?



சிலிபின் வட்டாரத்தில் வாழும் நமக்குக் கோயில் நாதசுவரமும் தேவாலய மணியோசையும் ஒருங்கே பழக்கமானவை. கிறிஸ்துமஸ் காலத்தில் பல குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் எழுந்து 'அல்லேலூயா' என முழங்கும் பாடலை நம்மில் பலர் கேட்டிருப்போம். அது 'மெசியா' என்னும் பெரும் இசைப்படைப்பின் ஒரு பகுதி. வேடம் புனையாமல், திரை கட்டாமல், சமயக் கதையைப் பாட்டாலேயே சொல்லும் இவ்வகைப் படைப்பை மேலைநாட்டார் ஒரட்டோரியோ என்பர். ஜெர்மனியில் பிறந்து இலண்டனில் வாழ்ந்த ஹேண்டல், 1741ஆம் ஆண்டில் 24 நாள்களில் இதனை இயற்றி முடித்தார்.

ஆயினும் இது முதலில் ஒலித்த இடம் இலண்டன் அன்று. அயர்லாந்தின் டப்ளின் நகரில், பிஷாம்பிள் தெருவில் 1741இல் திறக்கப்பட்ட இசையரங்கில் 1742 ஏப்ரல் 13ஆம் நாள் இது அரங்கேறியது. அதற்கும் தடை வந்தது. 'கலிவரின் பயணங்கள்' எழுதிய ஜோனதன் ஸ்விப்ட் அந்நகரப் பேராலயம் ஒன்றின் தலைவர். தம் ஆலயப் பாடகர்கள் அவ்வரங்கில் பாடக்கூடாது என்று அவர் முதலில் கண்டிப்புடன் எழுதினார். பின்னர் அப்பாடகர்களும் பாடினர்.

என்னைக் கவர்ந்தது வேறொரு செய்தி. அவ்வரங்கில் 600 பேர் அமரலாம். கூட்டம் மிகும் என்றறிந்த அமைப்பாளர்கள், பெண்கள் வளையம் வைத்து விரித்த பாவாடையின்றியும் ஆண்கள் இடைவாளின்றியும் வருமாறு நாளிதழில் வேண்டிக்கொண்டனர். ஏறத்தாழ 700 பேர் அமர்ந்து கேட்டனர். திரண்ட சுமார் 400 பவுன் இரண்டு மருத்துவமனைகளுக்கும் கடனால் சிறைப்பட்டோர் மீட்புக்கும் பகிரப்பட்டது. 142 பேர் விடுதலை பெற்றனர். பெருமக்கள் தம் பெருமையின் அடையாளத்தை வீட்டில் விட்டு வந்ததனால் நூறு பேருக்கு இடம் கிடைத்தது!

நம் மரபிலும் இதற்கு இணையான நிகழ்ச்சி உண்டு. மெசியா அரங்கேறிய பின் 40 ஆண்டுகளுக்குள், தில்லையாடியில் பிறந்து சீர்காழியில் வாழ்ந்த அருணாசலக் கவிராயர் இராமகாதை முழுவதையும் கீர்த்தனைகளாக்கினார். அதுவே 'இராமநாடகக் கீர்த்தனை'. இசையறிந்த மாணவர் இருவர் மெட்டமைக்கத் துணை நின்றனர். கம்பர் தம் காவியத்தை அரங்கேற்றிய திருவரங்கத்திலேயே தாமும் அரங்கேற்ற விரும்பிய கவிராயருக்குக் கோயிலார் உடனே இசையவில்லை என்றும், அவர் பள்ளிகொண்ட பெருமானையே நோக்கிப் பாடி இசைவு பெற்றார் என்றும் வழிவழியாகச் சொல்வர். அப்பாடலை மோகன இராகத்தில் இன்றும் கச்சேரிகளில் பாடுகின்றனர்.

டப்ளினில் இன்று அந்தப் பழைய அரங்கம் இல்லை. அதன் நுழைவாயில் வளைவு மட்டுமே எஞ்சியுள்ளது. ஆனால் ஆண்டுதோறும் ஏப்ரல் 13ஆம் நாள் அத்தெருவிலேயே மெசியாவின் பகுதிகளைப் பாடுகின்றனர். திருவரங்கத்திலோ கம்பர் அரங்கேற்றியதாகக் கூறப்படும் மண்டபம் நிலைத்து நிற்கிறது. இராமநாடகத்தின் பழைய மெட்டுகளுள் பலவற்றை நாம் இழந்துவிட்டோம். அங்கே கட்டடம் போயிற்று, பாட்டு வாழ்கிறது. இங்கே கல் நிற்கிறது, பாட்டில் பெரும்பகுதி மறைந்தது. எந்த இழப்பு பெரிது?

இதனை ஏன் இங்கே எழுதுகிறேன்? நம் பெற்றோர் தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் மண்டபம் ஏது? பெரட்டுக்களமும் கோயில் பந்தலுமே அரங்கம். இன்று பல தமிழ்ப்பள்ளிகளில் அழகிய மண்டபங்கள் எழுந்துள்ளன. மகிழ்ச்சி. ஆனால் அவற்றில் நம் பிள்ளைகள் எதை அரங்கேற்றுகிறார்கள்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் நந்தனார் கதையைப் பாட்டும் உரையுமாகப் பாடப் பயிற்சி பெற்றிருந்தனர். அரை மணி நேரக் கதை. இரண்டு மாத உழைப்பு. பரிசளிப்பு விழா நாளில் பிரமுகர் ஒவ்வொருவராக உரையாற்றினர். மாலை, பொன்னாடை, நினைவுச் சின்னம், நிழற்படம். இறுதியில் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் தரப்பட்டது. நந்தனார் தில்லைக்குப் புறப்படும் முன்பே ஒலிவாங்கி அணைந்தது. "சார், கதை முடியலையே" என்று மேடையோரம் நின்று ஒரு மாணவி கேட்டாள். கோயிலுக்குள் விடப்படாத நந்தனாரை நாமும் ஒருமுறை வாசலில் நிறுத்திவிட்டோம்.

பிரமுகர்களை மதிக்காவிட்டால் நன்கொடை வருமா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. நன்றியை விழா மலரில் விரிவாக அச்சிடலாம், மேடையில் சுருக்கமாகச் சொல்லலாம். தேர்வுச் சுமையும் முழுக் காரணமாகாது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வே 2021இல் நீக்கப்பட்டுவிட்டதே!

என் வேண்டுகோள் எளியது. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் ஆண்டுக்கு ஒரு முழுப் படைப்பையேனும் மாணவர்களைக் கொண்டு அரங்கேற்றட்டும். திரைப்பாடலுக்கு ஆடும் ஆட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தமிழ்க் கதையொன்று, தமிழ்ப் பாட்டாக, தொடக்கம் முதல் முடிவு வரை ஒலிக்கட்டும். நுழைவுச் சீட்டு ஐந்து வெள்ளி வைத்து, வரும் தொகையை அப்பள்ளியிலேயே வறுமையில் வாடும் குடும்பத்துக்கு வழங்கட்டும். அன்றுதான் அம்மண்டபம் பெருமை பெறும்.

டப்ளின் பெருமக்கள் ஒரு பாட்டைக் கேட்பதற்காக வாளை விட்டு வந்தார்கள். நம் பிள்ளைகளின் பாட்டைக் கேட்பதற்காக நாம் பொன்னாடையை விட்டு வரக்கூடாதா?

சிந்திப்போம். செயல்படுவோம்.