படுக்கையறைக்குக் கருஞ்சாம்பல் ஏற்றதா?

படுக்கையறைச் சுவர் கருஞ்சாம்பலாக இருந்தால் நன்கு உறக்கம் வரும் எனச் சிலர் கூறுவர். விளக்கை அணைத்தபின் எல்லாச் சுவரும் ஒன்றுதானே! விளக்கு எரியும்போதுதான் வேறுபாடு தெரியும். வெள்ளைச் சுவர் தன்மேல் படும் ஒளியில் ஏறத்தாழ 80 சதவிகிதத்தைப் பிரதிபலிக்கும். கருஞ்சாம்பல் சுமார் 10 சதவிகிதமே. 100 பங்கு ஒளி இருமுறை சுவரில் பட்டுத் திரும்பினால், வெள்ளையில் 64 பங்கு எஞ்சும். கருஞ்சாம்பலில் 1 பங்குதான்! மீதி வெப்பமாகிவிடும்.

நம்மில் பலருக்குப் படுக்கையறையே படிப்பறை. அங்கே நான்கு சுவர்களையும் கருஞ்சாம்பலாக்கினால் கூடுதல் விளக்கு வேண்டும், மின்சாரமும் வீண். அந்நிறம் பிடித்திருந்தால், சன்னலுக்கு எதிர்ச்சுவரை விட்டுவிட்டு, வேறொரு சுவருக்கு மட்டும் பூசலாம். மாணவர்களே, வண்ணம் தேர்ந்தெடுக்கும் பெரியவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்!