மிதவாத முஸ்லிமும் நமது சோதனைச் சாவடிகளும்

ஒவ்வொரு குண்டுவெடிப்புக்குப் பின்னரும் நம் பொதுவெளியில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: "மிதவாத முஸ்லிம்கள் ஏன் வாய் திறப்பதில்லை?" தேநீர்க்கடைப் பெஞ்சிலிருந்து தொலைக்காட்சி விவாதம் வரை, ஏன், இலக்கியக் கூட்டங்களின் பின்வரிசை வரை இக்கேள்வி ஒரே தொனியில் ஒலிக்கிறது. கேட்பவர் பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை என்பதே இக்கேள்வியின் தனி இயல்பு. பதில் பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. செவிமடுக்காதவர்களே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். நாம் சொல்ல விரும்புவது சுருக்கமானது: பேசியவர்கள் இருக்கிறார்கள்; பேசியதற்கு விலையும் கொடுத்திருக்கிறார்கள். அவர்களை வாசிக்கவோ காக்கவோ முன்வராத ஒரு சமூகத்துக்கு, பேசாதவர்களைப் பற்றிப் புகார் சொல்லும் தகுதி கிடையாது.

முதலில் 'மிதவாதி' என்ற சொல்லையே பார்ப்போம். இந்து ஒருவரை நாம் மிதவாத இந்து என்று அழைப்பதில்லை. கிறித்தவரையும் அப்படி அழைப்பதில்லை. முஸ்லிமுக்கு மட்டும் இந்த அடைமொழி தேவைப்படுகிறது என்றால் அதன் உட்பொருள் என்ன? அம்மதத்தை முழு அளவில் உட்கொண்டால் அது நஞ்சு, குறைந்த அளவில் உட்கொண்டவரே நமக்கு உகந்தவர் என்பதுதானே? ஐவேளையும் தவறாது தொழுகின்ற, நோன்பு நோற்கின்ற, வெடிகுண்டை மனதார வெறுக்கின்ற ஒருவருக்கு இந்தச் சொல்லில் இடமில்லை. நம் ஊர்களில் பெரும்பான்மையான முஸ்லிம்கள் அவ்விதமானவர்களே. ஆக, யாரைப் பேச அழைக்கிறோமோ அவர்களை அழைக்கும் சொல்லிலேயே அவமதித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறோம்.

கோவையில் வாழ்பவர்களுக்கு இது ஏட்டுச் சிக்கலன்று. 1997 நவம்பர் 29 அன்று உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர். 1998 பிப்ரவரி 14 அன்று நகரில் தொடர் குண்டுகள் வெடித்தன. 58 பேர் மாண்டனர். இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். காவலரைக் கொன்றவர்களும் குண்டு வைத்தவர்களும் அல்-உம்மா இயக்கத்தினர். 2007இல் தனி நீதிமன்றம் 158 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில்தான், ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் வைக்கப்பட்டிருந்த கேரள அரசியல்வாதி அப்துல் நாசர் மதானி விடுவிக்கப்பட்டார். இந்த வரிசையில் எந்த ஒரு கண்ணியை நீக்கிவிட்டுச் சொன்னாலும் வரலாறு பொய்யாகிவிடும். நம் ஊரில் இருதரப்பிலும் இதைத்தான் செய்கிறார்கள். ஒரு தரப்பினரின் கதை பிப்ரவரியில் தொடங்குகிறது. மறுதரப்பினரின் கதை காவலரின் சாவைத் தாண்டி, அதற்கடுத்த நாளில் தொடங்குகிறது.

அக்காலத்தில் கோட்டைமேட்டைச் சுற்றிச் சோதனைச் சாவடிகள் முளைத்தன, ஆண்டுக்கணக்கில் நின்றன. பால் வாங்கப் போனவரும் பள்ளிக்குப் போன பிள்ளையும் சோதிக்கப்பட்டுத்தான் தம் தெருவுக்குள் நுழைந்தார்கள். விமான நிலையத்தில் பயணிக்கு ஒருமுறை நேர்வது, ஒரு குடியிருப்புக்கே அன்றாடமாயிற்று. பின்னர் அச்சாவடிகள் அகற்றப்பட்டன. ஆனால் 'நீ கண்டித்தாயா?' என்ற கேள்வி அகற்றப்படவில்லை. அது கல்லும் கம்பியும் இல்லாத சாவடி. வாடகைக்கு வீடு கேட்கும்போதும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் முஸ்லிம் ஒருவர் அதன்முன் நின்றாக வேண்டியிருக்கிறது.

இந்தச் சாவடியில் மூன்று தனித்தனிச் சரக்குகள் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டுச் சோதிக்கப்படுகின்றன: தீவிரவாதம், பொது இடத்தில் தொழுகை, பயணப் பாதுகாப்பு. இம்மூட்டையை உலகறியக் கட்டியது அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சி. 2006 நவம்பர் 20 அன்று மினியாபொலிஸ் விமான நிலையத்தில், ஃபீனிக்ஸ் செல்லவிருந்த யு.எஸ். ஏர்வேஸ் விமானத்திலிருந்து ஆறு இமாம்கள் இறக்கிவிடப்பட்டனர். ஏறுமுன் அவர்களுள் சிலர் மாலைத் தொழுகை நடத்தியிருந்தார்கள். சக பயணி ஒருவர் ஐயம் தெரிவித்துச் சீட்டெழுதிக் கொடுத்தார். இமாம்கள் வழக்குத் தொடுத்தார்கள்; 2009இல் அது சமரசத்தில் முடிந்தது. இடையே 2007இல், ஐயத்துக்குரியவற்றை நல்லெண்ணத்தோடு தெரிவிக்கும் பயணிகளைக் காக்கச் சட்டமே வந்தது. அரிசோனாவைச் சேர்ந்த முஸ்லிம் மருத்துவர் ஸுஹ்தி ஜாசர், இமாம்களை வெளிப்படையாக விமர்சித்தார். விமர்சிக்க அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் தொழுதவர்கள் அஞ்சத்தக்கவர்கள் என்று முன்பே முடிவு கட்டியிருந்தவர்களுக்கு அவருடைய வாதம் தேவைப்படவில்லை. அவருடைய பெயர் போதுமானதாக இருந்தது. தன் சமூகத்தை நோக்கிப் பேச விரும்பும் ஒருவரின் சொல், அச்சமூகத்துக்கு எதிரான சான்றிதழாக மாற்றப்படும் விபத்து இவ்வாறுதான் நிகழ்கிறது.

மூட்டையை அவிழ்த்துவிட்டால் மூன்றும் தனித்தனியாகத் தெளிவாகின்றன.

பயணப் பாதுகாப்பை எடுத்துக்கொள்வோம். 2009 ஏப்ரலில், முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமை டெல்லி விமான நிலையத்தில் கான்டினென்டல் நிறுவனத்தார் உடற்சோதனை செய்தனர். சில மாதங்கள் கழித்துச் செய்தி வெளியானபோது நாடாளுமன்றம் கொதித்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2011இல் நியூயார்க்கில் அவரது மேலங்கியும் காலணிகளும் சோதனைக்காக வாங்கப்பட்டன. அப்போதும் அமெரிக்கா வருத்தம் தெரிவித்தது. இரண்டையும் கலாம் பெரிதுபடுத்தவில்லை. நம் நாட்டில் எழுந்த கொதிப்பு, முக்கியப் பிரமுகரின் விலக்குரிமை மீறப்பட்டதைப் பற்றியது. பெயர் பார்த்துத் தனியறைக்கு அழைத்துச் செல்லப்படும் சாதாரணப் பயணிக்காக நாடாளுமன்றம் கொதித்ததில்லை. எல்லோரையும் ஒரே விதிப்படி சோதித்தால் அதில் இழிவேதும் இல்லை. ராமேஸ்வரத்துக்காரரான கலாமுக்கும் இல்லை, கரும்புக்கடையிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் தொழிலாளிக்கும் இல்லை. நடத்தையைப் பார்த்துச் சோதிப்பது பாதுகாப்பு. பெயரைப் பார்த்துச் சோதிப்பது, பாதுகாப்பு என்ற பெயரிலான சோம்பல். வேறு பெயர்கொண்ட ஆபத்தை அது பார்க்காமலே விட்டுவிடும்.

பொது இடத் தொழுகை இதனினும் எளிய சிக்கல். 2021இல் ஹரியாணாவின் குருகிராமில் திறந்தவெளி வெள்ளித் தொழுகைக்கு எதிராக வாரந்தோறும் கூட்டம் கூடியது. 2025 நவம்பரில் பெங்களூர் விமான நிலையத்தில் சிலர் தொழுத காணொளி அரசியலாக்கப்பட்டது. தெரு எல்லோருக்கும் பொது. ஆகவே வழியை மறிப்பது எம்மதத்தார் செய்தாலும் அனுமதிக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டதே. கோனியம்மன் தேரோட்டத்தன்று ராஜவீதியில் போக்குவரத்து திருப்பிவிடப்படுகிறது. விநாயகர் ஊர்வலத்தன்றும் அவ்வாறே. அவற்றை நாம் இடையூறு என்று கருதுவதில்லை, கருதவும் வேண்டாம். அதே பொறுமையை, வாரத்தில் ஒரு நாள் அரைமணி நேரத்துக்கு வேறொருவருக்கும் அளிக்க முடியுமா என்பதே கேள்வி. முடியாதென்றால் விதியை எல்லோருக்கும் எழுதுவோம். ஆம்புலன்சுக்கு வழி விடாத தொழுகையும் தவறு. வழி விடாத தேரும் தவறு. இதில் தீவிரவாதத்துக்கு என்ன வேலை? பாய்விரித்துத் தொழுபவரைக் குண்டு வைப்பவரோடு சேர்த்துக் கட்டுபவர், குண்டு வைப்பவருக்கே ஆள் சேர்த்துக் கொடுக்கிறார்.

எஞ்சியிருப்பது தீவிரவாதம். இங்கே நாம் எந்தச் சமாதானமும் சொல்லப் போவதில்லை. 2022 அக்டோபர் 23 அன்று, தீபாவளிக்கு முந்தைய நாள் அதிகாலையில், உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன் எரிவாயு உருளைகளோடு வந்த கார் வெடித்தது. காரில் வந்த ஜமேஷா முபீன் அங்கேயே இறந்தார். அடுத்த சில நாட்களில் கோவை ஜமாஅத் நிர்வாகிகள் அக்கோயிலுக்கே சென்று அங்கிருந்தோரைச் சந்தித்துப் பேசினார்கள். 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலில் கொல்லப்பட்ட ஒன்பது பயங்கரவாதிகளை அடக்கம் செய்ய, அந்நகர முஸ்லிம் அறக்கட்டளை தன் அடக்கத்தலத்தில் இடமளிக்க மறுத்தது. இறந்த உடலுக்கு மண் கொடுப்பதைக் கடமையாகக் கொண்ட மார்க்கத்தில், இதைவிடக் கடுமையான கண்டனம் வேறென்ன இருக்க முடியும்? இவ்வளவுக்குப் பிறகும் 'ஏன் கண்டிக்கவில்லை' என்று கேட்பவருக்குச் செவி பழுது, அல்லது எண்ணம் பழுது.

கண்டிப்பதோடு நில்லாமல் முன்கூட்டியே எச்சரித்தவர்களும் உண்டு. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையில் 260க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட தாக்குதலின் தலைவன் சஹ்ரான் ஹாஷிம், காத்தான்குடியைச் சேர்ந்தவன். தமிழில் பேசித் தமிழ் இளைஞர்களைத் திரட்டியவன். அவனுடைய கும்பலோடு முதலில் மோதியவர்கள் அவ்வூர்ச் சூஃபி முஸ்லிம்கள். 2017 மார்ச்சில் நடந்த அம்மோதலுக்குப் பின்னரே அவன் தலைமறைவானான். இலங்கை முஸ்லிம் கவுன்சிலின் துணைத்தலைவர் ஹில்மி அஹமத், தாக்குதலுக்குச் சில ஆண்டுகள் முன்பே அவனைப் பற்றித் தாம் உளவுத்துறையை எச்சரித்திருந்ததாகச் சொன்னார். அரசு கேட்கவில்லை. குண்டு வெடித்த அடுத்த மாதம் மினுவாங்கொடையிலும் குருநாகல் பகுதியிலும் எரிக்கப்பட்டவை முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும். எச்சரித்தவனும் எரித்தவர்களின் கணக்கில் முஸ்லிம்தான். 2019 ஜூனில் தேசியப் புலனாய்வு முகமை சஹ்ரானின் ஆதரவாளர்களைத் தேடிக் கோவையில் சோதனை நடத்தியது என்பதால் இக்கதை நமக்கு அயலூர்க் கதையும் அன்று.

இனி, முஸ்லிம் அமைப்புகளை நோக்கியும் நாம் பேசியாக வேண்டும். இல்லையேல் இக்கட்டுரையும் பாதி வரலாறாகிவிடும். தக்கலைக் கவிஞர் ஹெச்.ஜி. ரசூல் பீரப்பாவின் சூஃபி மரபில் ஊறியவர். இஸ்லாத்துக்குள் நின்று, பெண்களுக்காகவும் எளியவர்களுக்காகவும் கேள்வி எழுப்பியவர். இஸ்லாமும் மதுவும் குறித்து எழுதிய ஒரு கட்டுரைக்காக 2007இல் அவரை ஊர்விலக்கம் செய்தது உள்ளூர் ஜமாஅத். 2017இல் அவர் மறைந்தார். அதே 2017இன் மார்ச் 16 இரவில், நம் கோவையில், திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த ஃபாரூக் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் கடவுள் மறுப்பாளர். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து கடவுள் இல்லை என்று சொன்னதே அவர் செய்த குற்றம். கைதானவர்கள் அவர் பிறந்த சமூகத்தைச் சேர்ந்தவர்கள். 2013இல் 'விஸ்வரூபம்' திரைப்படத்துக்கு எதிராக இருபதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் திரண்டன. அரசும் தடை விதித்துப் பணிந்தது. ஒரு படத்துக்கு எதிராகத் திரண்ட அந்த வேகம் ஃபாரூக்கின் உயிருக்காகத் திரண்டதா? ரசூலின் ஊர்விலக்கத்துக்கு எதிராகத் திரண்டதா? சமூகத்துக்கு வெளியே இருந்து வரும் அவமதிப்பை எதிர்க்கும் உரிமை, உள்ளிருந்து எழும் குரலை நெரிக்கும் உரிமையாக ஒருபோதும் ஆகாது. ஊர்விலக்கமும் ஒரு சோதனைச் சாவடியே. அதைக் காவல்துறை நடத்தவில்லை என்பதுதான் வேறுபாடு.

ஆக, உள்ளிருந்து பேசுபவர் இரண்டு சாவடிகளுக்கு இடையே நிற்கிறார். ஒரு சாவடியில் 'கண்டித்தாயா?' என்கிறார்கள். மறுசாவடியில் 'ஏன் காட்டிக்கொடுத்தாய்?' என்கிறார்கள். முதல் கேள்வியை நாம் எவ்வளவு உரத்துக் கேட்கிறோமோ, அவ்வளவுக்கு இரண்டாம் கேள்விக்கு வலுச் சேர்க்கிறோம். கட்டாயத்தின்பேரில் வாங்கிய கண்டனத்துக்குக் கடவுச்சீட்டில் குத்தும் முத்திரைக்கு உரிய மதிப்பே உண்டு. தானே முன்வந்து சொல்லப்படும் தன்விமர்சனமே ஒரு சமூகத்தை மாற்றும். முன்னது பெருகப் பெருகப் பின்னது வறண்டுபோகும்.

இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இதில் ஒரு தனிப் பொறுப்பு உண்டு. அண்மை ஆண்டுகளில் கோனியம்மன் தேரன்று ஒப்பணக்காரத் தெருப் பள்ளிவாசல் முன் முஸ்லிம்கள் தண்ணீர் வழங்கும் படங்கள் செய்தித்தாள்களில் வருகின்றன. நல்ல காரியம், மனம் நெகிழ்கிறது. ஆனால் நெகிழ்வது எளிது, வாசிப்பது கடினம். தோப்பில் முஹம்மது மீரான் ஊர்ப் பெரியதனத்தின் அகந்தையை உரித்துக் காட்டினார். சல்மா பூட்டிய வீடுகளுக்குள்ளிருந்து எழுதினார். பழனி வட்டாரத்துக் கீரனூர் ஜாகிர்ராஜா தம் சமூகத்துக்குள் உள்ள மேல்கீழை நாவலாக்கினார். இவர்கள் யாரும் நம்மிடம் சான்றிதழ் வாங்க எழுதவில்லை. தம் மக்களின்மேல் கொண்ட அன்பினாலும் கோபத்தினாலும் எழுதினார்கள். மிதவாதியின் குரலைத் தேடுபவர்கள் முதலில் இந்நூல்களைத் தேடட்டும்.

அடுத்த முறை எங்கேனும் குண்டு வெடித்தால், 'நீங்கள் ஏன் பேசவில்லை?' என்ற அந்தப் பழைய கேள்வியை நம் முஸ்லிம் நண்பரிடம் நீட்டாதிருப்போம். அவர் பேசும்போது அவருக்குப் பக்கத்தில் யார் நிற்பார்கள் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். ஃபாரூக் தாக்கப்பட்ட இரவில் அவர் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.