வால்வு முன்பெருக்கி: ஒரு சிபாரிசு

1906-இல் லீ டி ஃபாரஸ்ட் கண்ணாடிக் குழாயினுள் மூன்றாவது மின்வாயாகக் கிரிட்டைப் புகுத்தியதால் உருவான டிரையோடு வால்வு, டிரான்சிஸ்டரின் வருகைக்குப் பின் வழக்கொழிந்ததென்று பலர் கருதினும், ஒலிப்பெருக்கத்தின் தத்துவத்தைத் தம் கைகளாலேயே கற்க விழையும் இளைஞர்க்கு அதனினும் சிறந்த ஆசான் இல்லை என்பதே என் திடமான அபிப்பிராயம்.

12ஏஎக்ஸ்7 என்னும் இரட்டை டிரையோடு ஒன்றும், சில ரெசிஸ்டர்களும் கண்டென்சர்களும், ஒரு மின்வழங்கியும் இருந்தால் முன்பெருக்கி ஒன்றைச் சமைத்துவிடலாம். கிரிட்டில் நுழையும் நுண்ணிய சமிக்ஞை, ஒரு லட்சம் ஓம் ஆனோடு ரெசிஸ்டரின் முனையில் ஏறத்தாழ 50, 60 மடங்காக விசுவரூபம் எடுப்பதைத் தாமே அளந்து காண்பவர் அந்த ஆனந்தத்தை எளிதில் மறவார்.

ஆயினும், ஆனோடுக்கு வேண்டிய 250 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னழுத்தம் உயிரைப் பறிக்க வல்லது; சுவிட்சை அணைத்த பின்னும் வடிகட்டும் கண்டென்சர்களில் மின்னேற்றம் எஞ்சி நிற்கும். ஆகையால், அதை வடித்துவிடும் ரெசிஸ்டரைப் பொருத்துவதும், தொடுமுன் மீட்டரால் சோதிப்பதும் முதற்பாடமாக அமைதல் அவசியம். பொன்முலாம் பூசிய சாக்கெட்டுகளில் திரவியத்தைச் செலவிடுவதைவிட, நல்ல மின்மாற்றியிலும், உறுமலைத் தவிர்க்கும் ஒழுங்கான பூமி இணைப்பிலும் சிரத்தை காட்டுவதே விவேகம்.