பாஸை விழுங்கும் பெட்ரூம்

ஆழ்வார்பேட்டையில் ஏதோ ஒரு சந்து, மூன்றாவது மாடி ஃபிளாட், பத்துக்குப் பன்னிரண்டு அடி பெட்ரூம். கட்டிலை ஓரமாகத் தள்ளிவிட்டு நட்டநடுவில் ஒரு நாற்காலி. எதிரே லேப்டாப், ஈ.எம்.ஐ-யில் வாங்கிய ஒரு ஜோடி ஸ்டுடியோ மானிட்டர். தம்பி ராத்திரி முழுக்க உட்கார்ந்து தன் முதல் பாட்டை மிக்ஸ் செய்கிறார். 'பாஸ் போதலையே' என்று ஏற்றுகிறார். இன்னும் கொஞ்சம் ஏற்றுகிறார். விடிந்ததும் அதே பாட்டை அப்பாவின் காரில் போட்டால் கதவெல்லாம் அதிர்கிறது; பாடகியின் குரலைக் காணோம்!

தம்பியின் காதில் கோளாறு இல்லை. மானிட்டரிலும் இல்லை. கோளாறு அந்த அறையில்.

வீட்டிலேயே ஸ்டுடியோ வைப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. கோடம்பாக்கத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் தன் வீட்டின் பின்புறம் அமைத்த 'பஞ்சதன் ரெக்கார்டு இன்'னில் இருந்துதான் 1992-ல் 'ரோஜா' வந்தது. ரஹ்மானின் பல படங்களுக்கு ஒலி சேர்த்தவர் எச்.ஸ்ரீதர். ஆழ்வார்பேட்டைக்காரரான கமல் நடித்த 'மகாநதி' தொடங்கி 'தில் சே', 'லகான்', 'கன்னத்தில் முத்தமிட்டால்' வரை தேசிய விருது வாங்கியவர். 2008 டிசம்பரில் மறைந்தார். பெரிய ஸ்டுடியோக்களில் ஸ்பீக்கருக்கு ஆகும் செலவோடு கணக்கு முடிவதில்லை. சுவருக்கும் கூரைக்கும் தனியாகப் பணம் போகும். வீட்டில் மிக்ஸ் செய்பவர்கள் மறப்பது அந்த இரண்டாவது செலவைத்தான்.

மானிட்டர் என்பது இனிமையாகப் பாடும் ஸ்பீக்கர் அல்ல. உள்ளதை உள்ளபடி சொல்லும் ஸ்பீக்கர். யமஹாவின் என்.எஸ்-10 இதற்கு நல்ல உதாரணம். 1978-ல் வீட்டு உபயோகத்துக்காக வந்தது. வீடுகளில் எடுபடவில்லை. ஆனால் மிக்ஸில் இருக்கும் குறையை அப்படியே காட்டிக்கொடுத்ததால் உலகெங்கும் ஸ்டுடியோக்காரர்கள் அதைத் தூக்கிப்போனார்கள். 2001-ல் உற்பத்தி நின்ற பிறகும் அந்த வெள்ளைக் கோன் பல ஸ்டுடியோக்களில் உட்கார்ந்திருக்கிறது.

சரி, அறை என்ன செய்கிறது? நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடும். பன்னிரண்டு அடி நீள அறையில் சுமார் 48 ஹெர்ட்ஸ் ஒலி, முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையே மோதி மோதி அங்கேயே நின்றுவிடும். சுவரோரம் 'கும்' என்று கேட்கும். நடுவில் நின்றால் ஏறக்குறைய ஒன்றுமே கேட்காது. டிரம்ஸின் கிக், பாஸ் கிட்டாரின் அடி ஸ்வரங்கள் எல்லாம் இந்த வட்டாரத்தில்தான் குடியிருக்கின்றன. தம்பி நாற்காலி போட்டிருப்பதோ சரியாக நடுவில். அங்கே கேட்காத பாஸை ஏற்றிக்கொண்டே போனால் காரில் கதவு அதிராமல் என்ன செய்யும்?

அதிலும் நம் வீடுகள் செங்கல், சிமென்ட், டைல்ஸ். மரச்சட்டத்தில் அட்டை அடித்த வெளிநாட்டுச் சுவர் பாஸைக் கொஞ்சம் வெளியே விட்டுவிடும். நம் சுவர் விடாது.

முதல் வைத்தியத்துக்குப் பைசா செலவில்லை. நாற்காலியை முன்சுவரிலிருந்து சுமார் நாலரை அடிக்கு நகர்த்துங்கள். அங்கிருந்து அரை அடி முன்னே பின்னே உட்கார்ந்து பாருங்கள். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சம முக்கோணமாக இருக்கட்டும். ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். பிறகு ஒருவரைப் பக்கச் சுவரில் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே வரச் சொல்லுங்கள். நாற்காலியிலிருந்து பார்க்கையில் கண்ணாடியில் ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ, அங்கேதான் ஒலி முதலில் மோதித் திரும்புகிறது. பேனல் மாட்ட வேண்டிய இடம் அது.

பேனல் என்றதும் முட்டை அட்டையைத் தேடிப் போக வேண்டாம். அது மேல் ஸ்தாயியை லேசாகத் தடவிக்கொடுக்கும், அவ்வளவுதான். பாஸை ஒன்றும் செய்யாது. தீப்பொறி பட்டால் மட்டும் நன்றாக எரியும். ஒரு இன்ச் ஃபோமும் பாஸ் விஷயத்தில் அதே கதை. நாலு இன்ச் ராக்வூலைச் சட்டத்தில் அடைத்துத் துணி போர்த்தி, சுவரிலிருந்து நாலு இன்ச் தள்ளி நிறுத்தினால் பலன் தெரியும். அந்த இடைவெளி, மழைக்காலத்தில் சுவர் ஈரத்திலிருந்தும் பேனலைக் காப்பாற்றும். அதற்கும் காசில்லையா? பழைய இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி மூலையில் நிறுத்துங்கள். அம்மா திட்டுவார், அறை கொஞ்சம் அடங்கும்.

மெத்தை வைத்தியம் கேலிக்குரியதல்ல. 1895-ல் ஹார்வர்டில், பேசினால் எதிரொலித்துக் குழப்பிய ஒரு வகுப்பறையைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியரிடம் வந்தது. பக்கத்துத் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் சுமந்துவந்து, ஆர்கன் குழாயை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். காலைக்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்தாக வேண்டும். ஒரு மனிதர் சுமார் ஆறு மெத்தைகளுக்குச் சமம் என்பது அவர் கண்டதில் ஒன்று. சபாக்களில் ஆளில்லாத மதியக் கச்சேரி ஏன் வேறு மாதிரி ஒலிக்கிறது என்பதற்கும் பதில் அதில் இருக்கிறது.

இன்னொரு பொறி, வால்யூம். மெதுவாக வைத்தால் காதுக்கு பாஸ் குறைவாகவே கேட்கும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து சொன்னது. அதற்காக ஏற்றினால் காதுக்கு ஆபத்து. 85 டெசிபலில் 8 மணி நேரம்தான் வரம்பு. 88 ஆனால் 4 மணி நேரம். ஒரு அளவில் நிறுத்தி, குமிழில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கீழ் வீட்டுத் தாத்தாவும் தூங்க வேண்டுமே.

கடைசிப் பரீட்சை மொபைலில். அந்தக் குட்டி ஸ்பீக்கருக்கு 48 ஹெர்ட்ஸ் வராது. பாஸின் மேல் ஸ்வரங்களை வைத்துத்தான் காது அதை ஊகிக்கிறது. அங்கே பாஸ் அடியோடு காணாமல் போனால் வால்யூமைத் தொடாதீர்கள். பாஸின் மேல் பகுதியைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, பாட்டை மறுபடி அப்பாவின் காரில் போட்டுப் பாருங்கள்.